மட்டக்களப்பு, அம்பாறை கோயில்களுக்கு வாறீங்களா? பசி கிடக்காம நல்லாச் சாப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

மாமாங்கம், கொக்கட்டிச்சோலை, மண்டூர், சித்தாண்டி, திருக்கோவில், உகந்தை எண்டு எங்கட பக்கம் கோயில் பார்க்க வாற ஆக்கள் பூசை நேரம், அர்ச்சனைச் சாமான், உடுப்பு எல்லாம் சரியா யோசிச்சு வருவாங்க, சாப்பாட்ட மட்டும் "அங்க போய்ப் பார்ப்பம்" எண்டு விட்டுடுவாங்க. மறுகா பகல் ரெண்டரைக்கு படுவான்கரைல (களப்புக்கு மேற்குப் பக்கம்) ஏதாவது ஒரு பெட்டிக்கடை வாசல்ல சோடாவும் கிறீம் கிராக்கரும் வச்சு சின்னப்பிள்ளைகளுக்குப் பசி ஆத்திக்கொண்டு நிப்பாங்க. இதப் பார்க்கப் பார்க்க மனசு கேக்காமத்தான் இத எழுதுறன்.

இங்க நல்ல சாப்பாட்டுக்குக் குறையே இல்ல. ஆனா அது கிடைக்கிற நேரம் ஒண்டு, வெளியூராக்கள் தேடுற நேரம் வேறொண்டு. அதால கடைப்பேர் லிஸ்ட் தரப்போறதில்ல, சமைக்கிற ஆள் மாறினா அதே கடை அடுத்த மாசம் வேற கடைதான். எந்த நேரத்துல எங்க நிக்கணும், என்ன கேக்கணும், எத முதல் செய்யணும் எண்டதத்தான் வரிசையாச் செல்றன்.

1. முதல்ல நாளப் பாருங்க

சாப்பாடு கிடைக்கிறதும் கிடைக்காததும் கோயிலவிட நீங்க வாற நாள்லதான் இருக்கு. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துலயும் திருக்கோவில்லயும் தீர்த்தம். உகந்தை திருவிழா கதிர்காமத்து ஆடிவேலோட சேர்ந்து வரும், கூடுதலா யூலை மாசம். மண்டூர், சித்தாண்டி, கொக்கட்டிச்சோலை எல்லாம் ஆவணி, புரட்டாதிப் பக்கம். கண்ணகி அம்மன் கோயில்களுக்கு வைகாசி, பாண்டிருப்பு திரௌபதை அம்மனுக்குப் புரட்டாதி.

திருவிழா நாள் எண்டா கோயில் வீதி முழுக்க தாகசாந்தி (மோர், தண்ணிப் பந்தல்), அன்னதானம் எண்டு சாப்பாடு உங்களத் தேடி வரும், ஆனா டவுண் சைவக்கடைகள்ல பன்னிரண்டரைக்கே சோறு முடிஞ்சிடும், வாகனத்தையும் தூரத்துல விட்டிட்டு நடக்கணும். சும்மா நாள் எண்டா இது அப்படியே தலைகீழ், டவுண்ல ஆறுதலாச் சாப்பிடலாம், கோயிலடில கடலை விக்கிற ஆள்கூட இருக்கமாட்டார்.

கலண்டர்ல இன்னும் மூணு விசயம் பாருங்க. முஸ்லிம் ஆக்கள்ட நோன்பு மாசம் எண்டா காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் பகல்ல சாப்பாட்டுக்கடை திறக்கமாட்டாங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரமும் அந்த ஊர்கள்ல கடை பூட்டித்தான் இருக்கும், தொழுகை முடிஞ்சுதான் திறப்பாங்க. சித்திரை வருசப்பிறப்புக்கு ரெண்டு மூணு நாள் தமிழாக்கள்ட கடை எல்லாம் பூட்டு. இதத் தெரியாம வாற ஆக்கள் நல்ல நாள்ல பசியோட திரியிறாங்க.

2. வெளிக்கிட முந்தி கைல இருக்க வேண்டியது

பெரிய சாமான் ஒண்டும் இல்ல. ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, ஒரு கப், கை துடைக்கத் துணி, தண்ணிப் போத்தல். தட்டு எதுக்கு எண்டு கேப்பீங்க: திருவிழாக் கூட்டத்துல வாழையில முடிஞ்சா பொலித்தீன் தாள்ல சோறு போடுவாங்க, கொதிக்கக் கொதிக்கப் போட்ட சோறு அதுல கிடக்கிறது நல்லதில்ல. தட்டு நீட்டினா அதுல போடுவாங்க, ஒருத்தரும் குறையா நினைக்கமாட்டாங்க.

ஒரு சீப்பு கதலிப்பழம், ரெண்டு மூணு ஜீவனி (தண்ணில கரைச்சுக் குடிக்கிற உப்புச்சத்துத் தூள்) பக்கட் வாங்கி வைங்க. யூலை, ஓகஸ்ட்ல கச்சான் காத்து அடிக்கிற நேரம் வியர்வை தெரியாது, உடம்பு காஞ்சுபோறதும் தெரியாது, பின்னேரம்தான் தலையிடி பிடிக்கும். கனபேர் அதப் பசி எண்டு நினைச்சு கண்டதத் தின்னுறாங்க. சில்லறைக் காசும் வைங்க, கோயிலடிக் கடைகள்ல கார்ட் எடுக்கமாட்டாங்க.

உங்கட கூட்டத்துல யார் விரதம், யார் சைவம், யாருக்கு எதுவும் பரவாயில்ல எண்டத வாகனத்துல ஏற முந்தியே பேசி முடிச்சிடுங்க. கடை வாசல்ல நிண்டு பேசத் தொடங்கினா அரை மணித்தியாலம் போயிடும்.

3. காலச் சாப்பாட்ட டவுண்லயே முடிங்க

எந்தக் கோயிலுக்குப் போனாலும் காலச் சாப்பாடு மட்டக்களப்பு டவுண்ல, இல்லாட்டி கல்முனைல. விரதகாரருக்கு இது பொருந்தாது, மத்த எல்லாருக்கும் இதுதான் ஒழுங்கு. ஏனெண்டா காலைலதான் இங்கத்த கடைகள் உண்மையாச் சமைக்கிற நேரம். ஆறு ஆறரைக்குப் போனா இடியப்பம் தட்டுல ஆவி பறக்க இருக்கும், ஒன்பது மணிக்குப் போனா அதே இடியப்பம் விளிம்பு காஞ்சு கட்டியாக் கிடக்கும்.

கொழும்புல இருந்து இரவு ரயில்ல வாறவங்க விடியச்சாமம் இறங்குவாங்க. நேரே ஆட்டோ பிடிச்சு மாமாங்கம் போகாதீங்க. குளிச்சு, புளியந்தீவுப் பக்கமோ பஸ் ஸ்டாண்ட் பக்கமோ ஒரு கடைல சாப்பிட்டிட்டு போங்க. மாமாங்கம் அங்கால கிட்டத்தான், அமிர்தகழில. கோயில் உங்களுக்காகக் காத்திருக்கும், இடியப்பம் காத்திருக்காது.

என்ன கேக்கிறது? பிட்டு கேளுங்க. எங்கட பிட்டு அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து விரல் வச்சா உதிரணும், அமத்தினா உருண்டையா நிக்கவும் வேணும். அதுக்குச் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) ஊத்தினா மேலால ஓடாம உள்ளுக்க இறங்கணும், அப்பிடி இறங்கினா அண்டைக்கு அவிச்ச பிட்டு. ஊத்தின சொதி மேல தேங்கி நிண்டா அது நேத்தையான். தயிர் இருக்கிற கடை எண்டா பிட்டுக்குத் தயிரும் சீனியும் ஒரு கதலிப்பழமும் பிசைஞ்சு சாப்பிட்டுப் பாருங்க, மத்தியானம் வரைக்கும் பசி எட்டிப் பார்க்காது. சொதியும் சம்பலும் ஒத்துக்கொள்ளாத சின்னப்பிள்ளைகளுக்கும் இதுதான் நல்லது.

இந்தியால இருந்து வாறவங்களுக்கு ஒரு விசயம்: தேத்தண்ணி கேட்டா ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், பணிஸ் எண்டு கொண்டுவந்து மேசைல வைப்பாங்க. எடுத்ததுக்கு மட்டும்தான் காசு. சும்மா தாறாங்க எண்டும் நினைக்காதீங்க, எல்லாத்துக்கும் காசு எண்டு பயந்து தள்ளியும் வைக்காதீங்க. தொட்டுப் பார்த்திட்டுத் திருப்பி வைக்கிறது மட்டும் வேண்டாம்.

4. சைவமா எண்டு கேக்கிற விதம்

கூடுதலாப் பிழைக்கிற இடம் இதுதான், கொஞ்சம் ஆறுதலா வாசிங்க.

"இது வெஜிடேரியனா?" எண்டு கேட்டா "ஓம்" எண்டுதான் பதில் வரும். பொய் செல்லல்ல, இறைச்சி மீன் துண்டு இல்லாட்டி கடைக்காரருக்கு அது மரக்கறிச் சாப்பாடு. ஆனா சம்பல்ல மாசி இருக்கும். கட்டச்சம்பல், சீனிச்சம்பல் ரெண்டுலயும் மாசிக்கருவாட்ட இடிச்சுப் போடுறது வழக்கம், தூளாக் கிடக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. கீரைச் சுண்டல்ல கூனி போடுவாங்க, அது பொடி இறால், தேங்காய்ப்பூவோட சேர்ந்தா கண்டே பிடிக்க ஏலாது. மச்சக் கடை, அதாவது மீன் இறைச்சி சமைக்கிற கடை, அங்கத்த சொதில மீன் துண்டோ இறால் தலையோ போட்டுக் கொதிக்க வச்சு எடுத்திருப்பாங்க.

அதால கேள்விய மாத்துங்க. "மாசி போட்டதா? கூனி போட்டதா? சொதி வெறுஞ்சொதியா?" எண்டு ஒவ்வொண்டாக் கேளுங்க. இப்பிடிக் கேட்டா "நில்லுங்க, உள்ளுக்க கேட்டுச் செல்றன்" எண்டு போய்ப் பார்த்திட்டு வருவாங்க. அந்தப் பதில நம்பலாம்.

அடுத்தது கண்ணாடிப் பெட்டியப் பாருங்க. உழுந்து வடையும் பருப்பு வடையும் மீன் பணிசும் முட்டை ரோல்ஸும் ஒரே பெட்டிக்குள்ள இருந்தா பொரிச்ச எண்ணெயும் ஒண்டுதான். பருப்பு வடைக்குப் பக்கத்துலயே இறால் வடை இருக்கும், மேல இறால் தெரியிறது சரி, மாவு தெரியாதே. கொத்து ரொட்டி எண்டா இன்னும் மோசம், மரக்கறிக் கொத்து கேட்டாலும் மாட்டுக் கொத்து போட்ட அதே தகட்டுலதான் கொத்துவாங்க. காவடி எடுக்கிறவங்க, நேர்த்திக்கடன் உள்ளவங்க, தீ மிதிக்கிறவங்க கூட்டத்துல இருந்தா வெளில "சைவக் கடை" எண்டு எழுதியிருக்கிற கடைய விட்டு வேற எங்கயும் நிப்பாட்டாதீங்க. சாமிப்படம் தொங்குறத மட்டும் பார்த்து உள்ளுக்குப் போகவும் கூடாது, மச்சக் கடைலயும் சாமிப்படம் இருக்கும்.

5. மத்தியானம்: அன்னதானத்தத் தேடிப் போங்க

என்னைக் கேட்டா எங்கட மாவட்டங்கள்ல ஆக நல்ல மரக்கறிச் சாப்பாடு கடைல இல்ல, அன்னதான மடத்துலதான். பெரிய கிடாரத்துல விறகடுப்புல வேகிற பருப்புக்கும் பூசணிக்காய்க் கறிக்கும் கடைல ஈடு கிடையாது. அரைமணித்தியாலத்துக்கு ஒருக்கா அடுப்புல இருந்து இறங்குறதால ஆறின கறி எண்ட பேச்சே இல்ல.

சும்மா நாள் எண்டா முதல்ல இண்டைக்கு அன்னதானம் இருக்கா எண்டு தெரிஞ்சுகொள்ளணும். வந்தவுடனே அர்ச்சனைத் தட்டு விக்கிற கடைல கேளுங்க. ஐயரிட்டக் கேக்க பூசை நேரம் சரிவராது, தட்டுக் கடைக்காரருக்கு அண்டைக்கு யார்ட உபயம், எத்தினை பேருக்குச் சமையல் எண்டது எல்லாம் தெரியும். இருக்கு எண்டா உச்சிக்காலப் பூசை முடியிற வரைக்கும் நில்லுங்க. இல்ல எண்டா அப்பவே அடுத்த வழியப் பார்க்க நேரம் இருக்கும். பூசை முடிஞ்ச பிறகு கேக்கிறவங்கதான் மாட்டுப்படுறாங்க.

பந்தில இருந்தா ஒழுங்கு ஒண்டு இருக்கு. எல்லாருக்கும் சோறு விழ முந்தி கை வைக்காதீங்க. வேணுமானதக் கேட்டு வாங்கலாம், வாங்கினத மிச்சம் வைக்கக்கூடாது. நீங்க முடிச்சாலும் பந்தி எழும்பும்வரை இருங்க. பார்சல் கேக்கிறதா இருந்தா கடைசிப் பந்தி முடிஞ்ச பிறகு கேளுங்க, வரிசைல வயசான அம்மாக்கள் நிக்கிற நேரம் பை விரிக்கிறது சரியில்ல. பாயாசம் கடைசிலதான் வரும், இலைய மடிச்சிடாதீங்க.

கைல இருக்கிறத அன்னதான உபயத்துக்குக் குடுத்துப் பற்றுச்சீட்டு எடுங்க. முந்தினநாளே ஊருக்குள்ள தங்குறவங்க காசுக்குப் பதிலா அரிசியோ மரக்கறியோ குடுத்தா அவங்களுக்கு அது இன்னும் உதவி, விடியவே சந்தைக்கு ஆள் அனுப்பத் தேவையில்ல.

தாகசாந்தில மோரும் சக்கரைத் தண்ணியும் குடுப்பாங்க. மோர் குடிங்க. சர்பத்துல ஐஸ்கட்டி உடைச்சுப் போட்டிருந்தா சின்னப்பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்க, அந்த ஐஸ் எந்தத் தண்ணில செஞ்சது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

6. அன்னதானம் இல்லாட்டி

அப்ப சோறு டவுண்லதான். 12 மணிக்கும் 1.30க்கும் இடைல கடைக்குள்ள இருக்கணும். அதுக்குப் பிறகு போனா கத்தரிக்காயும் முருங்கைக்காயும் முடிஞ்சு பருப்புல தண்ணி கூடியிருக்கும். இருந்து சாப்பிடுற கடைகள்ல கறி திருப்பியும் போடுவாங்க, அதால முதல்ல கொஞ்சமா வாங்குங்க.

படுவான்கரைக்குப் போறவங்க இதக் கட்டாயம் கணக்குல எடுங்க. கொக்கட்டிச்சோலைக்கு இப்ப 2014ல திறந்த மண்முனைப் பாலத்தால போறது சுகம், காலைல போய்க் கும்பிட்டிட்டு பகல் சோத்துக்கு டவுணுக்கே திரும்பிடலாம். மண்டூருக்கு குருமண்வெளித் துறையால பாதைல (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவை) போறவங்களுக்கு அந்தக் கணக்குச் சரிவராது, பாதை வாற நேரத்துக்குத்தான் உங்கட நேரம். களுவாஞ்சிகுடிலயே சாப்பிட்டிட்டு ஏறுங்க, இல்லாட்டி சோறு பார்சல் கட்டிக் கொண்டுபோங்க. சித்தாண்டி அப்பிடியில்ல, மெயின் றோட்டுலயே இருக்கு, வழில வந்தாறுமூலைல கெம்பஸ் இருக்கிறதால சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடை இருக்கும்.

7. தெற்கால போற றோட்டு

மட்டக்களப்புல இருந்து கல்முனை ஏறக்குறைய 40 கிலோமீற்றர், பொத்துவில் நூறுக்கு மேல. றோட்டு தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் எண்டு மாறி மாறித்தான் போகும்: காத்தான்குடி தாண்டினா ஆரையம்பதி, மருதமுனை தாண்டினா பாண்டிருப்பு, சாய்ந்தமருது தாண்டினா காரைதீவு. சைவச் சாப்பாடு தேடுறவங்க கல்முனைல இல்லாட்டி காரைதீவுல முடிச்சிடுங்க, அதுக்கங்கால அக்கரைப்பற்று வரைக்கும் தேடித்தான் பிடிக்கணும். திருக்கோவில், தம்பிலுவில் பக்கம் கடை சின்னது, கூட்டமாப் போனா முதல்லயே ஆள் பிடிச்சுச் சோத்துக்குச் செல்லி வைக்கணும். செல்லி வச்சா வீட்டுச் சமையல் மாதிரித்தான் கிடைக்கும், நல்ல குத்தரிசிச் சோறு.

முஸ்லிம் ஹோட்டல்ல தேத்தண்ணியும் ரொட்டியும் எப்பவும் சூடா இருக்கும், விரதம் இல்லாதவங்க தாராளமாப் போங்க. பயணத்துல பிள்ளைகள் வாய்க்கு ஏதும் கேட்டா அங்கத்த இனிப்புக் கடைல மஸ்கட், தொதல் வாங்குங்க, வெக்கைக்குப் பழுதாகாது. றோட்டோரம் அவிச்ச சோளன் கண்டா சட்டில இருந்து கண்ணுக்கு முன்னால எடுத்துத் தரச் செல்லுங்க, இளநியும் அப்பிடித்தான், முன்னால வெட்டினத மட்டும் குடிங்க.

8. உகந்தைக்குப் போறவங்களுக்கு வேற கணக்கு

மத்தக் கோயில் எல்லாத்துக்கும் ஊர் இருக்கு. உகந்தைக்கு இல்ல, பக்கத்துல குமண காடும் கடலும்தான். பொத்துவில்ல இருந்து பாணமை, அங்கால உகந்தை, சேர்ந்து 30 கிலோமீற்றருக்கு மேல. பாணமைதான் கடைசிக் கடை. கொடி ஏறின காலத்துல அன்னதானமும் தண்ணியும் இருக்கும், மத்த நாள்ல ஒண்டும் இருக்காது எண்டே நினைச்சுப் போங்க.

அதால கட்டுச்சோறு. இங்கதான் புது ஆக்கள் பிழை விடுறாங்க, வீட்டுல நல்லா இருக்கிற கறிய அப்பிடியே கட்டிடுவாங்க. தேங்காய்ப்பால் விட்ட கறியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் வெக்கைல மத்தியானத்துக்கு முந்தியே புளிச்சிடும். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, எண்ணெய்ல நல்லா வதக்கின கத்தரிக்காய், பாவக்காய்ப் பொரியல், ஊறுகாய், இவ்வளவும் தாங்கும். சோத்த ஆற விட்டுத்தான் கட்டணும், சூட்டோட கட்டினா உள்ளுக்க வேர்த்துச் சளசளத்துப் போயிடும். வாழையிலய நெருப்புல ரெண்டு பக்கமும் வாட்டுங்க, பச்சை நிறம் கடுமையாகி இலை துணி மாதிரி மடங்கும், அப்பத்தான் கிழியாது, சோத்துக்கும் நல்ல வாசம் ஏறும்.

தண்ணி ஆளுக்கு 3 லீற்றராவது கொண்டு போங்க. சாப்பாட்டுப் பைய வாகனத்துக்குள்ள வச்சுக் கண்ணாடிய ஏத்துங்க, குரங்கு பையப் பறிச்சுக்கொண்டு போற இடம் அது. சாப்பிட்ட இலை, தாள், போத்தல் ஒண்டையும் காட்டுல போடாதீங்க, தயவுசெய்து. யானையும் மானும் உப்பு ருசிக்கு பொலித்தீன முழுங்கிடும். எல்லாத்தையும் ஒரு பைல கட்டித் திருப்பிக் கொண்டு வாங்க. ஆடிக் காலத்துல வழில பாலப்பழம், வீரப்பழம் பழுத்துக் கிடக்கும், வித்தா வாங்கிச் சாப்பிடுங்க, பாலப்பழம் தேன்தான். காட்டுக்குள்ள இறங்கிப் பிடுங்கப் போகாதீங்க, கரடிக்கும் அந்தப் பழம்தான் விருப்பம்.

9. இரவு

இரவுக்கு இங்க சோறு எதிர்பார்க்காதீங்க. இடியப்பம், பிட்டு, தோசை, ரொட்டி, கொத்து, இதுதான். சோறில்லாம நித்திரை கொள்ளாத ஆக்கள் இருந்தா மத்தியானமே வயிறு நிறையக் குடுத்திடுங்க. சின்ன ஊர்கள்ல சைவக்கடை 8 மணிக்கெல்லாம் பூட்ட ஆயத்தம். திருக்கோவில்ல இருந்து திரும்புறவங்க கல்முனைல சாப்பிட்டிட்டே வாங்க.

களப்பு இறால், நண்டு சாப்பிட ஆசை எண்டா, அது கட்டாயம் சாப்பிட வேண்டியதுதான், கும்பிட்டு முடிச்ச அடுத்தநாளுக்கு வைங்க. அப்பத்தான் விரதகாரரும் சேர்ந்து ஒரு மேசைல இருக்கலாம்.

10. தயிர் கடைசில

எருமைத் தயிர் வாங்காம மட்டக்களப்ப விட்டுப் போகாதீங்க, ஆனா போற வழில வாங்காதீங்க, திரும்புற வழில வாங்குங்க. காலைல வாங்கி வாகனத்துக்குள்ள வச்சிட்டு கோயில் கோயிலாத் திரிஞ்சா பின்னேரம் தண்ணி விட்டுப் புளிச்சிடும்.

பார்க்கிற விதம்: சட்டிய மெதுவாச் சரிக்கச் செல்லுங்க. நல்ல தயிர் அசையாது, விளிம்புல ஒரு சொட்டுத் தண்ணி வரலாம், அவ்வளவுதான். மேல ஆடை தடிப்பா, கொஞ்சம் மஞ்சள் ஓடின வெள்ளையா இருக்கணும். எருமைப்பால்ல கொழுப்பு 7 வீதமளவு, பசும்பால்ல அதுல பாதிதான், அதாலதான் இந்த இறுக்கம். மண்சட்டியும் தண்ணிய உறிஞ்சும், அதே பால பிளாஸ்டிக்ல உறைய வச்சா இப்பிடி வராது. "நேத்து இரவு உறைய வச்சதா?" எண்டு கேளுங்க, அதுதான் வேணும்.

மேல தாள் கட்டிக் கயிறும் போட்டுத் தருவாங்க. பஸ்லயோ ரயில்லயோ மேல தட்டுல ஏத்தாதீங்க, ஒரு குலுக்கல்ல கவிழ்ந்திடும். காலடில, ரெண்டு பைக்கு நடுவுல, நிமித்தி வைங்க. வீட்டுக்குப் போனவுடனே தாளக் கழட்டி பிரிட்ஜ்ல வச்சா அடுத்தநாள் காலைப் பிட்டுக்கும் வரும்.